கைக்குழந்தைக்கு டிவி பாடம் சொல்லுமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறு குழந்தைகளை வளர்க்கும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் கல்வி நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். டிவி என்று சொல்லும்போது கேபிளில் வரும் அலைவரிசையை மட்டுமல்லாமல், யூடியூபில் ஓடும் ரைம்ஸ், கைப்பேசியில் இறக்கி வைத்திருக்கும் கார்ட்டூன் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். ஒவ்வொரு பதிலிலும் வயதைக் கவனித்துப் படியுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சொல்வது நான்கு வயதுக் குழந்தைக்குப் பொருந்தாது. இந்தப் பேச்சில் வரும் குழப்பங்களில் பாதி, இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால் வருபவை.

கல்வி நிகழ்ச்சிதானே, பத்து மாதக் குழந்தைக்குப் போட்டுக் காட்டினால் என்ன?

பத்து மாதக் குழந்தைக்கு அதனால் பயன் எதுவும் இல்லை என்பதுதான் இதுவரை கிடைத்திருக்கும் சான்றுகள் சொல்வது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது நிறையும்வரை திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதிலும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் வகுத்த நெறிமுறையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. உறவினர்களுடன் பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் அது விலக்குத் தருகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016இல் எல்லையை 18 மாதமாக வைத்து, 18 முதல் 24 மாதக் குழந்தைக்குக் காட்டுவதென்றால் தரமான நிகழ்ச்சியைப் பெரியவர் கூட உட்கார்ந்து காட்ட வேண்டும் என்றது.

இந்த மூன்று அமைப்புகளுமே கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை, கல்வி நிகழ்ச்சி என்ற முத்திரைக்காக எந்தச் சலுகையும் தரவில்லை.

டிவியைப் போட்டதும் கண் கொட்டாமல் பார்க்கிறாளே, ஒன்றும் புரியாமலா அப்படிப் பார்ப்பாள்?

அசைவும் நிறமும் திடீர் ஒலியும் எங்கிருந்தாலும் குழந்தையின் கண் அங்கே திரும்பும். அது பிறவியிலேயே வந்த அனிச்சைச் செயல். திரையில் காட்சி மாறும்போதெல்லாம் அந்த அனிச்சை மறுபடி மறுபடி தூண்டப்படுவதால், குழந்தை ஆழ்ந்து பார்ப்பது போலத் தோன்றுகிறது. பார்ப்பது வேறு, பார்த்ததைப் புரிந்துகொண்டு நிஜ உலகில் பயன்படுத்துவது வேறு.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. ஜார்ஜீன் டிரோசெத், ஜூடி டெலோச் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்டது. பக்கத்து அறையில் ஒருவர் பொம்மையை ஒளித்து வைப்பதைக் குழந்தை டிவித் திரையில் பார்க்கும்; பிறகு அந்த அறைக்குள் போய்ப் பொம்மையை எடுத்து வர வேண்டும். இரண்டரை வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் நேராகப் போய் எடுத்துவிட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தைகளோ பெரும்பாலும் தவறான இடங்களில் தேடினார்கள். ஆனால் அதே காட்சியை ஜன்னல் வழியாகக் காட்டியபோது, இரண்டு வயதுக் குழந்தைகளுக்கும் அது எளிதாக இருந்தது. ஞாபகசக்தியில் குறை இல்லை, பார்வையிலும் குறை இல்லை. திரையில் நடப்பது தன் உலகத்தில் நடப்பதுதான் என்று அந்த வயதில் பிடிபடுவதில்லை. வளர வளர இந்த இடைவெளி தானாகவே குறைகிறது.

மூளை வளர்ச்சிக்கென்றே பேபி வீடியோ விற்கிறார்களே, அதுவும் வீண்தானா?

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பேபி ஐன்ஸ்டீன் என்ற வீடியோ வரிசை பெரிய அளவில் விற்றது. டிஸ்னி நிறுவனம் அதை 2001இல் வாங்கியது. வீடியோ பார்த்தால் குழந்தை கற்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று குழந்தை நல அமைப்பொன்று தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தது. கடைசியில் 2009இல், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர டிஸ்னி முன்வந்தது. வீடியோவில் குறை இருப்பதாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் நியாயம் கருதிச் சொல்ல வேண்டும்.

இதற்கு நேரடியான விடை 2010இல் டெலோச் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் கிடைத்தது. 12 முதல் 18 மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் சொற்களைக் கற்பிக்கும் பிரபலமான வீடியோவை நான்கு வாரம் வீட்டில் தனியாகப் பார்த்தார்கள். இன்னொரு பிரிவினர் பெற்றோருடன் சேர்ந்து பார்த்தார்கள். மூன்றாவது பிரிவில் வீடியோவே கிடையாது, அதே சொற்களை அன்றாட வேலைகளுக்கு நடுவே சொல்லிக் கொடுக்கும்படி பெற்றோரிடம் கேட்டுக்கொண்டார்கள். நான்காவது பிரிவில் எதுவுமே செய்யவில்லை. மாதக் கடைசியில் வீடியோ பார்த்தவர்களுக்கும் எதுவும் செய்யாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. நன்றாகக் கற்றது, பெற்றோர் வாயால் கேட்ட பிரிவுதான். இன்னொன்றும் தெரியவந்தது: வீடியோவை மிகவும் விரும்பிய பெற்றோர், தம் குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டதாக நம்பினார்கள். உண்மையில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகம் கற்றிருக்கவில்லை. குழந்தை இயல்பாகவே நாளுக்கு நாள் புதுச் சொல் பேசும் வயது அது. அந்தப் பெருமையை வீடியோவுக்குக் கொடுத்துவிடுவது எளிது.

ஆங்கிலம் காதில் விழட்டும் என்றுதான் ரைம்ஸ் போடுகிறோம். அதில் என்ன தவறு?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீஷியா குல் என்ற ஆய்வாளரின் குழு, ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியான மாண்டரினைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்க வைத்தது. 2003இல் வெளியான அந்த ஆய்வில், மாண்டரின் பேசும் மனிதர் எதிரே உட்கார்ந்து படம் காட்டி, பொம்மை காட்டிப் பேசிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியத் தொடங்கினார்கள். அதே மனிதர்கள் அதே விஷயங்களைப் பேசியதைப் பதிவு செய்து திரையில் காட்டியபோதும், ஒலியாக மட்டும் கேட்கவைத்தபோதும் எந்தப் பலனும் இல்லை.

ஆகவே வீட்டில் யாராவது ஆங்கிலம் இயல்பாகப் பேசுவார்கள் என்றால் அவர்கள் குழந்தையிடம் பேசட்டும். இல்லையென்றால் தமிழிலேயே நிறையப் பேசுங்கள். நிறங்களின் பெயரையும் விலங்குகளின் பெயரையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் இரண்டரை வயதுக் குழந்தை, தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாமல் கையைப் பிடித்து இழுத்துப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த கவலையாக இருக்கிறது. பெயர்ப் பட்டியலை ஒப்பிப்பது பேச்சாகாது. தனக்கு வேண்டியதை இன்னொருவரிடம் சொல்லி, பதில் பெறுவதுதான் பேச்சு.

துபாயில் இருக்கும் அப்பாவோடு தினமும் வீடியோ காலில் பேசுகிறான். அதையும் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். முதல் பதிலில் சொன்ன விலக்கு இதற்குத்தான். அப்பா குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், குழந்தை சிரித்தால் சிரிக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறார். பதிவு செய்த நிகழ்ச்சியால் இதைச் செய்ய முடியாது. 2014இல் வெளியான ஒரு சோதனையில் இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் வீடியோ அழைப்பில் பேசியவரிடமிருந்து புதுச் சொற்களைக் கற்றார்கள். பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர், “அப்பா என்ன கேட்கிறார் பார்” என்று எடுத்துக் கொடுத்தால் போதும்.

அப்படியென்றால் டிவியால் எந்தக் குழந்தையும் எதையும் கற்றதே கிடையாதா?

கற்றிருக்கிறார்கள், அதுவும் லட்சக்கணக்கில். ஆனால் மூன்று வயதுக்கு மேல்.

அமெரிக்காவில் 1969 நவம்பர் 10 அன்று தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி, மூன்று முதல் ஐந்து வயதுவரையான குழந்தைகளை, குறிப்பாக ஏழை வீட்டுக் குழந்தைகளை, பள்ளிக்குத் தயார்ப்படுத்த உருவாக்கப்பட்டது. ஜோன் கான்ஸ் கூனியும் லாயிட் மொரிசெட்டும் அதற்கென ஒரு நிறுவனத்தையே தொடங்கினார்கள். அவர்களிடம் நான் மிகவும் மதிப்பது, ஒவ்வொரு காட்சியையும் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்த பொறுமையை. எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் ஒரு குழந்தையைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்காரவைத்து, பக்கத்திலேயே ஸ்லைடு புரொஜெக்டர் ஒன்றை வைத்து, ஏழரை விநாடிக்கு ஒருமுறை அதில் வேறு படம் வரும்படி செய்தார். குழந்தையின் கண் எந்தக் காட்சியில் டிவியை விட்டு ஸ்லைடுக்குத் தாவுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். தாவ வைத்த காட்சி திருத்தப்பட்டது, அல்லது எடுக்கப்பட்டது.

கற்பனைப் பாத்திரங்களும் மனிதர்களும் ஒரே காட்சியில் வந்தால் குழந்தை குழம்பும் என்று நிபுணர்கள் முதலில் அறிவுரை சொல்லியிருந்தார்கள். அதன்படி எடுத்த மாதிரி நிகழ்ச்சிகளை 1969 ஜூலையில் போட்டுப் பார்த்தபோது, மனிதர்கள் மட்டும் வரும் தெருக்காட்சிகளில் குழந்தைகளின் கவனம் சிதறியது. நிபுணர்களின் சொல்லைவிடக் குழந்தைகளின் கண்ணை நம்பி, தெருவில் மனிதர்களோடு உலவும் பிக் பேர்டு, ஆஸ்கார் என்ற பாத்திரங்களைச் சேர்த்தார்கள். முதல் ஆண்டுகளில் நடந்த மதிப்பீட்டில், நிகழ்ச்சியை அதிகம் பார்த்த மூன்று வயதுக் குழந்தைகள், குறைவாகப் பார்த்த ஐந்து வயதுக் குழந்தைகளைவிட அதிக மதிப்பெண் எடுத்தார்கள். பிறகு 2013இல், 15 நாடுகளின் செசமி ஸ்ட்ரீட் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் எழுத்து, எண், உலக அறிவு, பிறரோடு பழகும் விதம் ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. இந்தியாவில் இதன் வடிவம் கல்லி கல்லி சிம் சிம் என்ற பெயரில் 2006இல் வந்தது.

எது நல்ல நிகழ்ச்சி என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வயது தாண்டிய குழந்தைக்குக் காட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதலில் நீங்கள் தனியாக ஐந்து நிமிடம் பாருங்கள். கதை ஒன்று தொடர்ச்சியாகப் போகிறதா, அல்லது இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை காட்சி வெட்டி வெட்டி மாறுகிறதா என்று பாருங்கள். பாத்திரம் குழந்தையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறதா? 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய ப்ளூஸ் க்ளூஸ் நிகழ்ச்சி இதைத் திட்டமிட்டே செய்தது. கேள்விக்குப் பின் பெரியவர்களுக்குச் சலிப்புத் தட்டும் அளவுக்கு நீண்ட இடைவெளி விட்டது. குழந்தைகள் அந்த இடைவெளியில் உரக்கப் பதில் சொன்னார்கள்.

2005இல் வெளியான ஓர் ஆய்வு, குழந்தைகளை ஆறாவது மாதத்திலிருந்து இரண்டரை வயதுவரை தொடர்ந்து கவனித்தது. கதை சொல்லி, குழந்தையை நேராகப் பார்த்துப் பேசும் சில நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்களிடம் சொல்வளம் கூடுதலாக இருந்தது. மழலைச் சத்தங்கள் நிறைந்த டெலிடபீஸ் என்ற நிகழ்ச்சியைப் பார்த்தவர்களிடம் அது குறைவாக இருந்தது. வேகத்தைப் பற்றியும் ஒரு சோதனை உண்டு: 2011இல் வெளியானது. வேகமாக ஓடும் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்த நான்கு வயதுக் குழந்தைகள், அதே நேரம் படம் வரைந்தவர்களையும் மெதுவான கல்வி நிகழ்ச்சி பார்த்தவர்களையும்விட, கவனமும் பொறுமையும் தேவைப்படும் வேலைகளில் உடனடியாகப் பின்தங்கினார்கள்.

யூடியூபில் மட்டும் ஓர் எச்சரிக்கை. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்து வையுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தது முதல் வீடியோவை மட்டும்தான்.

ஒரே எபிசோடையே நூறு தடவை கேட்கிறான். மாற்றிப் போட வேண்டாமா?

வேண்டாம். ப்ளூஸ் க்ளூஸ் நிகழ்ச்சியின் ஒரே பகுதியைத் திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். ஒவ்வொரு நாளும் குழந்தைகளின் புரிதல் கூடியது, கேள்விகளுக்குச் சேர்ந்து பதில் சொல்வதும் கூடியது. ஒரே கதையைத் தினமும் சொல்லச் சொல்லிப் பாட்டியைக் குழந்தை நச்சரிப்பதும் இதே காரணத்தால்தான்.

குழந்தை கீழே விளையாடுகிறாள், நாங்கள்தான் சீரியல் பார்க்கிறோம். அது அவளை ஒன்றும் செய்யாதுதானே?

என்னைக் கேட்டால், நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். 2008இல் வெளியான ஆய்வில், பெரியவர்களுக்கான நிகழ்ச்சி ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது ஒன்று முதல் மூன்று வயதுவரையான குழந்தைகள் டிவியை எப்போதாவதுதான் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் ஒரு பொம்மையோடு அவர்கள் தொடர்ந்து விளையாடும் நேரம் குறைந்தது. எடுத்ததைப் பாதியில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள்.

இன்னொரு பாதிப்பு நம்மிடம் நடக்கிறது. சிறு ஒலிப்பதிவுக் கருவியைக் குழந்தையின் சட்டைப்பையில் வைத்து நாள் முழுவதும் பதிவு செய்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், டிவி ஒலிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தை பெரியவர்களிடமிருந்து கேட்கும் சொற்கள் சராசரியாக 770 குறைந்தன. குழந்தை “ஆ, தா” என்று எதையோ காட்டும்போது, சீரியலில் மூழ்கியிருக்கும் நாம் “ம்” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அந்தச் சொற்கள் அப்படித்தான் காணாமல் போகின்றன. குழந்தை தூங்கிய பிறகு பார்க்க முடிந்ததை அப்போது பாருங்கள்; யாரும் பார்க்காதபோது டிவியை அணைத்துவிடுங்கள்.

நாங்களும் டிவி பார்த்து வளர்ந்தவர்கள்தானே, எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதன்பின் பல ஆண்டுகள் மாலையில் சில மணி நேரம்தான் ஒளிபரப்பு. தெருவில் ஒரு வீட்டில்தான் பெட்டி. அதையும் நான்கு பேரோடு பேசிக்கொண்டே பார்த்தோம். பத்து மாதக் குழந்தையின் கையில், அது நினைத்தபோதெல்லாம், அதன் முகத்துக்கு மட்டும் வெளிச்சம் போடும் திரை அன்றைக்கு இல்லை.

கைப்பேசியைக் காட்டினால்தான் வாய் திறக்கிறான். சாப்பிடாமல் விடச் சொல்கிறீர்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார்களின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் திரையைப் பார்த்தபடி விழுங்கும் குழந்தைக்குப் பசி எப்போது அடங்கியது என்பது தெரிவதில்லை. கத்தரிக்காய் எப்படி இருக்கும், ரசம் எப்படி இருக்கும் என்று சுவையும் பழகுவதில்லை. ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். முதலில் ஒருவேளைச் சாப்பாட்டை மட்டும் திரை இல்லாமல் ஆக்குங்கள், குழந்தைக்கு நன்றாகப் பசிக்கும் வேளையாகப் பார்த்து. வீட்டில் மற்றவர்களும் அப்போதே கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். குழந்தைக்கு ஒரு சிறு தட்டில் இட்லியைப் பிய்த்துப் போட்டு, அதுவே கையால் எடுக்கட்டும் என்று விடுங்கள். பாதி கீழேதான் போகும். முதல் சில நாள் குறைவாகவே சாப்பிடும். எடை குறைகிறது, அல்லது கெட்டியான உணவையே மறுக்கிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிவி பார்த்ததால்தான் ஆட்டிசம் வந்தது என்கிறார்களே?

திரை பார்ப்பதால் ஆட்டிசம் உண்டாகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. மரபணுக்களுக்குப் பெரும் பங்குள்ள நரம்பு வளர்ச்சி வேறுபாடு அது. இந்தப் பேச்சால் இரண்டு கெடுதல்கள் நடக்கின்றன: ஏற்கெனவே கலங்கியிருக்கும் தாயின் மீது பழி விழுகிறது, டிவியை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று சில மாதங்கள் வீணாகின்றன.

ஒரு வயதாகியும் மழலை ஒலிகள் வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்வதில்லை, அல்லது முன்பு பேசியதை இப்போது பேசுவதில்லை என்றால் காத்திருக்கவே கூடாது. டிவியையும் நிறுத்துங்கள், அதே வாரத்தில் மருத்துவரையும் பாருங்கள். காதுகேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒரு ஆய்வு கெடுதல் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. எதைத்தான் நம்புவது?

எடுத்துக்காட்டாக 2007இல் வெளியான வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வை எடுத்துக்கொள்வோம். 8 முதல் 16 மாதக் குழந்தைகளில், தினமும் பேபி வீடியோ பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆறு முதல் எட்டுச் சொற்கள் குறைவாகத் தெரிந்திருந்தன என்று அது சொன்னது. ஆனால் இது பெற்றோரிடம் தொலைபேசியில் கேட்டறிந்த தகவல். வீடியோவால் சொல் குறைந்ததா, பேச நேரமில்லாத வீட்டில் வீடியோ அதிகம் ஓடியதா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. 2014இல் வேறு இருவர் அதே தரவுகளை மறுபடி அலசி, அந்த முடிவு அவ்வளவு உறுதியானதல்ல என்றார்கள். செசமி ஸ்ட்ரீட்டின் முதல் மதிப்பீட்டுக்கும் இதுபோன்ற விமரிசனம் உண்டு: பார்க்கச் சொல்லிப் பெற்றோரை ஊக்குவித்ததே குழந்தைகளின் முன்னேற்றத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

அதனால்தான் குழந்தைகளைப் பிரிவுகளாகப் பிரித்து ஒப்பிட்ட சோதனைகளுக்கு, அதாவது பொம்மை ஒளித்தல், நான்கு வார வீடியோ, மாண்டரின் ஆகியவற்றுக்கு, நான் கூடுதல் எடை கொடுக்கிறேன். வீடியோ கைக்குழந்தையைக் கெடுக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அது கைக்குழந்தைக்குக் கற்பிக்கிறது என்று காட்டும் வலுவான சான்றை நான் பார்க்கவில்லை.

நல்ல நிகழ்ச்சி தினமும் பார்க்கிறாள், அரசின் கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது. அங்கன்வாடிக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பள்ளி மாணவர்களுக்கானது. சிறு குழந்தைக்கு அது பொருந்தாது.

அங்கன்வாடியைப் பற்றிய கேள்வி இன்னும் நுணுக்கமானது. மெலிசா கியர்னி, ஃபிலிப் லெவின் என்ற இரு பொருளியலாளர்கள், அன்றைய அமெரிக்காவில் சில பகுதிகளில் அலைவரிசை சரியாக எட்டாததால் செசமி ஸ்ட்ரீட் தெரியவில்லை என்பதைப் பயன்படுத்தி, தெரிந்த ஊர்களையும் தெரியாத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். 2019இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின்படி, தெரிந்த ஊர்களில் வளர்ந்த குழந்தைகள் வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் படிப்பது கூடுதலாக இருந்தது. மிகக் குறைந்த செலவில் கிடைத்த பலன் இது. ஆனால் அவர்கள் பெரியவர்களான பின் படிப்பிலும் வருமானத்திலும் தெளிவான வித்தியாசம் தென்படவில்லை. அங்கன்வாடியில் குழந்தைக்கு எடை பார்க்கிறார்கள், சத்துணவு தருகிறார்கள், தடுப்பூசி விடுபடாமல் கவனிக்கிறார்கள். மற்றக் குழந்தையிடம் பந்தைப் பிடுங்கவும், திருப்பிக் கொடுக்கவும், முறைக்குக் காத்திருக்கவும் அங்கேதான் பழகுகிறாள். அனுப்புங்கள்.

கூட உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறீர்கள். சமைக்க நேரம் வேண்டும் என்றுதானே டிவியே போடுகிறோம்?

உண்மைதான். அந்த அறிவுரை பல வீடுகளில் நடைமுறைக்கு ஒத்துவராது. குழந்தைக்கு மூன்று வயதாகிவிட்டது என்றால், நீங்கள் தேர்ந்தெடுத்த இருபது நிமிட நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுவிட்டுச் சமையுங்கள், அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. சாப்பிடும்போது அதைப் பற்றிக் கேளுங்கள்: “அந்தப் பறவை ஏன் அழுதது?” என்று. நிகழ்ச்சியில் ஐந்துவரை எண்ணினார்கள் என்றால், கூடையில் இருக்கும் வெங்காயத்தை ஐந்துவரை எண்ணி எடுத்துத் தரச் சொல்லுங்கள். சேர்ந்து பார்ப்பதன் பலனில் பெரும்பகுதி இந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால், அடுப்புக்கு எட்டாத தூரத்தில் தரையில் உட்காரவைத்து இரண்டு பாத்திரம், ஒரு மரக்கரண்டி, மூடி திறந்து மூடும் டப்பா ஆகியவற்றைக் கொடுங்கள். பட்டாணி, கடலை போன்ற சிறு பொருள்கள் தொண்டையில் சிக்கும் என்பதால் அவை மட்டும் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே, என்ன செய்கிறீர்கள் என்பதை அதனிடம் சொல்லிக்கொண்டிருங்கள். வீட்டில் வேறு யாராவது இருந்தால், அந்த அரை மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.